தரையிறங்கும் வேளையில் இயந்திரக் கோளாறு

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்த ஊர்திகளுள் ஆகாய விமானத்தைப் போல வியப்பையும் அச்சத்தையும் ஒருங்கே விளைவிப்பது பிறிதொன்றில்லை. வானிற் செல்லும்போது இயந்திரம் நின்றுவிட்டால் விமானம் கல்லைப் போல வீழ்ந்துவிடும் என்பது மக்களிடையே பரவியுள்ள எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது. எனினும், அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் கூறிவிட இயலாது. இயந்திரம் பழுதுற்றதைத் தொடர்ந்து பலர் உயிரிழந்த நிகழ்ச்சிகள் உண்டு. அத்தகைய நிகழ்ச்சிகளை ஆராயுமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. ஓர் இயந்திரம் பழுதுறுதல் பெரும்பாலும் தாங்கக்கூடிய இடரே. அவ்வேளையில் மனிதன் அவசரப்பட்டு ஆற்றும் செயலே அவ்விடரைப் பேரழிவாக மாற்றவல்லது. அவ்வவசரத்தை அடக்கும்பொருட்டு விமானிகள் கைக்கொள்ளும் முறை யாது, அம்முறை தவறியவிடத்து நேர்ந்தது யாது என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவாம்.

விமானத்தை வானில் தாங்கி நிற்பது இயந்திரமன்று, இறக்கைகளே. இறக்கையின்மேற் காற்று விரைந்து பாயுங்காலை உயர்த்துவிசை பிறக்கின்றது. அவ்வோட்டம் இடையறாது நிகழுமாறு விமானத்தை முன்னே தள்ளுவதே இயந்திரத்தின் பணி. இயந்திரங்கள் யாவும் நின்றுவிடினும், விமானம் தன் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு வேகத்தைப் பேணிக்கொண்டு நெடுந்தூரம் சறுக்கிச் செல்லும். 2001ஆம் ஆண்டு ஓகஸ்ற் 24ஆம் நாள் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலே எரிபொருட் கசிவினால் இரு இயந்திரங்களையும் இழந்த எயர்பஸ் 330 விமானம் ஒன்று, ஏறத்தாழ 19 நிமிடம் சறுக்கிச் சென்று அசோர்ஸ் தீவுகளிலுள்ள லாஜெஸ் விமானத்தளத்தில் இறங்கியது. அதிலிருந்த 306 பேரும் உயிர் தப்பினர். உயரம் என்பது விமானிக்குச் சேமிப்பில் வைத்த பொருள் போன்றது என்பதை இதனால் அறியலாம்.

தரையிறங்கும் வேளை தனிக் கவனத்துக்குரியதாவது இக்காரணம் பற்றியேயாம். அப்பொழுது அச்சேமிப்பு பெரும்பாலும் செலவாகிவிடுகின்றது. விமானம் மிக உயரத்திலிருந்து கீழே வரத் தொடங்கும்போது இயந்திரங்கள் மிகக் குறைந்த விசையிலேயே இயங்குகின்றன. அந்நிலையில் ஓர் இயந்திரம் நின்றால் அதன் விளைவு உடனே தோன்றாமலும் போகலாம். ஆனால், ஓடுபாதையை நெருங்குங்கால் சக்கரங்கள் வெளியே நீட்டப்படுகின்றன. குறைந்த வேகத்திலும் போதிய உயர்த்துவிசை கிடைக்கும்பொருட்டு இறக்கையின் விளிம்பிலுள்ள மடல்கள் தாழ்த்தப்படுகின்றன. இவை இரண்டும் காற்றின் தடையை மிகுவிக்கின்றன. ஆதலின், ஏறக்குறைய 3 பாகைச் சரிவில் ஓடுபாதையை நோக்கி வரும் விமானத்துக்கு அவ்வேளையில் இயந்திரத்தின் விசை மீண்டும் இன்றியமையாததாகின்றது. மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில் அச்சரிவில் வரும் விமானம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 740 அடி இறங்கும். 1000 அடி உயரத்திலிருந்து அது தரையைத் தொடுவதற்கு 80 செக்கன்களே உள. அதுவரை மறைந்திருந்த குறைபாடு, விசை தேவைப்படும் இக்குறுகிய காலத்திலேயே வெளிப்படுதல் கூடும்.

இன்றைய பயணிகள் விமானங்களுட் பெரும்பாலானவை இறக்கைக்கு ஒன்றாக இரு இயந்திரங்களை உடையவை. ஒன்று நின்றால் மற்றையது ஒரு புறத்திலிருந்து மட்டுமே தள்ளுகின்றது. ஒரு புறத்துத் துடுப்பை மட்டும் வலித்தால் தோணி எவ்வாறு மறுபுறம் திரும்புமோ, அவ்வாறே விமானத்தின் மூக்கும் பழுதுற்ற இயந்திரத்தின் பக்கம் திரும்பும். இதனைத் தடுக்க விமானி காலினால் மிதியை அழுத்தி, வாற்புறத்திலுள்ள சுக்கானை எதிர்ப்புறம் திருப்பவேண்டும். வேகம் குறையுந்தோறும் சுக்கானின் ஆற்றலும் குறையும். எனவே ஒவ்வொரு விமானத்துக்கும், ஓர் இயந்திரத்துடன் நேராகச் செல்வதற்கு வேண்டிய மிகக் குறைந்த வேகம் வரையறுக்கப்பட்டுள்ளது. அன்றியும், ஓர் இயந்திரம் செயலிழந்த நிலையில் இறங்குதலைக் கைவிட்டு மீண்டும் மேலெழுவதற்கும் விமானம் வல்லதாயிருத்தல் வேண்டும் என்பது சட்டம். இரு இயந்திர விமானம் இந்நிலையில் 100 அடி முன்செல்லும்போது 2.1 அடியேனும் உயரவேண்டும் என அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் கூறுகின்றன. அவ்வாற்றல் இல்லாத விமானம் பயணிகளை ஏற்றுவதற்கு அனுமதி பெறாது.

இனி, விமானிகளின் செயலுக்கு வருவோம். விமானிகளின் அறையில் இருவர் அமர்ந்திருப்பர்: தலைமை விமானி ஒருவர், துணை விமானி ஒருவர். பதவியால் இவ்வாறு பிரிந்திருப்பினும், தொழிலால் அவர்கள் வேறு வகையிற் பிரிகின்றனர். ஒருவர் விமானத்தை ஓட்டுபவர். மற்றவர் கருவிகளைக் கண்காணித்து, வானொலியிற் பேசி, சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பவர். கோளாறு நேர்ந்தவுடன் இருவரும் ஒருங்கே அதனை நோக்கிப் பாய்ந்தால் விமானத்தை ஓட்டுவார் இலராவர். அதனால், முதலில் விமானத்தை ஓட்டுக, அடுத்துச் செல்லும் வழியைத் தெளிக, அதன் பின்னரே பிறருடன் பேசுக என்னும் வரிசை பயிற்சியின் முதல் நாள் தொட்டே அவர்கள் மனத்திற் பதிக்கப்படுகின்றது. எச்சரிக்கை மணி ஒலித்தாலும், செவ்விளக்கு எரிந்தாலும், ஓட்டுபவரின் முதற் கடமை விமானத்தின் மூக்கு நிலையையும், வேகத்தையும், திசையையும் காத்தலேயாம்.

விமானம் கட்டுப்பாட்டில் உள்ளது என்பது உறுதியான பின்னரே, பழுதுற்றது எந்த இயந்திரம், பழுது எத்தகையது என்னும் ஆராய்ச்சி தொடங்கும். சுழலியின் வேகம், வெளியேறும் வாயுவின் வெப்பம், எரிபொருளின் ஓட்டம், எண்ணெயின் அழுத்தம், அதிர்வின் அளவு ஆகியவற்றைக் காட்டும் கருவிகள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனியே உள. இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பாது, பலவற்றை ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். எச்சரிக்கைகளும் வெவ்வேறு பொருளுடையன. வெடியோசை போன்ற முழக்கத்துடன் இயந்திரம் குமுறுமாயின், அதன் விசையைக் குறைத்தவுடன் அது அமைதியுறுதல் உண்டு. அவ்வாறாயின் அதனைக் குறைந்த விசையில் ஓடவிட்டு மின்சாரம் முதலியவற்றைப் பெறலாம். தீப்பற்றினாலோ உட்பகுதிகள் சிதைந்தாலோ அதனை நிறுத்திவிடல் வேண்டும்.

நிறுத்தும் முறை கருதத்தக்கது. போயிங் 737 போன்ற விமானங்களில் முதலில் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் பொறி விலக்கப்படும். பின்னர் விசைப்பிடி பின்னுக்கு இழுக்கப்படும். அடுத்து எரிபொருள் அடைக்கப்படும். தீயாயின் அதன்பின் தீயணைப்புப் பிடி இழுக்கப்படும். அப்பிடியை இழுத்தவுடன் எரிபொருளும், அமுக்க எண்ணெயும் அவ்வியந்திரத்துக்குச் செல்லாது தடைப்படுகின்றன. பிடியைத் திருப்பினால் தீயணைக்கும் வாயு பாய்கின்றது. 30 செக்கன்களின் பின்னும் எச்சரிக்கை அணையாவிடின் இரண்டாவது கலத்திலுள்ள வாயு செலுத்தப்படும். இவ்வொவ்வொரு படியிலும் ஒரு விமானி உரிய பிடியின்மேற் கைவைத்து, இன்ன இயந்திரம் எனப் பெயர் கூறி நிற்பார். மற்றவர் கண்ணாற் கண்டு ‘ஆம், அதுவே’ என உறுதிப்படுத்துவார். அவ்வுறுதி கிடைக்குமுன் கை அசைதல் கூடாது. நல்ல இயந்திரத்தைத் தவறுதலாக நிறுத்திவிடும் ஆபத்து, பழுதுற்ற இயந்திரத்தைச் சில செக்கன்கள் ஓடவிடும் ஆபத்திலும் பன்மடங்கு பெரிது என்பதே இதன் கருத்து.

அடுத்தது இறங்குதற்கான ஆயத்தம். நேரம் இருப்பின், இறங்கும் முயற்சியைத் தள்ளிவைத்து, வானில் ஒரு வட்டமிட்டேனும் பட்டியலை முற்றாக நிறைவு செய்தல் நன்று. வழக்கமாக 30 அல்லது 40 பாகை வரை மடல்களைத் தாழ்த்தி இறங்கும் போயிங் 737, ஓர் இயந்திரத்துடன் இறங்கும்போது அவற்றை 15 பாகையளவிலேயே நிறுத்திக்கொள்கின்றது. இதனாற் காற்றின் தடை குறையும். மீண்டும் மேலெழ நேரின் எஞ்சியுள்ள இயந்திரம் அதற்குப் போதியதாகும். ஆனால், இறங்கும் வேகம் கூடும். கூடவே ஓடுபாதையின் நீளமும் அதிகம் தேவைப்படும். தரையைத் தொட்டபின் விசையை எதிர்ப்புறம் செலுத்தி வேகத்தைக் குறைப்பதற்கும் ஓர் இயந்திரமே உள்ளதாகையால், விமானம் ஒரு பக்கம் இழுபடாதவாறு அதனை அளவறிந்து கையாளவேண்டும். இவற்றையெல்லாம் கணித்த பின்னரே, அண்மையிலுள்ள விமான நிலையங்களுள் தக்கது எது எனத் துணிவர். மிக அண்மையிலுள்ள நிலையமே எப்பொழுதும் தக்கதாகும் என்பதில்லை. ஓடுபாதையின் நீளம், காற்று, மழை, தீயணைப்பு வசதி ஆகிய யாவும் எண்ணப்படும்.

இதற்கிடையே வானொலியில் ‘மேடே’ என மும்முறை கூறி ஆபத்து அறிவிக்கப்படும். ‘எனக்கு உதவுக’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவியது இச்சொல். 7700 என்னும் எண்ணை விமானத்தின் பொறியில் அமைத்தவுடன், கட்டுப்பாட்டு நிலையத்தின் திரையில் அவ்விமானம் தனித்துத் தோன்றும். பிற விமானங்கள் விலக்கப்படும். தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதையருகே வந்து நிற்கும். விமானப் பணியாளருக்கும் நேர்ந்தது யாது, செய்யப்போவது யாது, எஞ்சியுள்ள நேரம் எவ்வளவு, தனி அறிவுறுத்தல் யாது என்னும் நான்கும் சுருக்கமாகக் கூறப்படும். அவர்கள் பயணிகளைக் குனிந்து தலையைக் காத்து அமரச் செய்து, வெளியேறும் வாயில்களை நினைவூட்டுவர்.

இவ்வளவும் செய்வதற்கு நேரம் இல்லாதபோது என் செய்வது? 2008ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் பீக்கிங் நகரிலிருந்து இலண்டன் ஹீத்ரோ நிலையத்தை நோக்கி வந்த போயிங் 777 விமானம் இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது. ஏறத்தாழ 720 அடி உயரத்தில் அதன் வலப்புற இயந்திரமும், சில செக்கன்களின் பின் இடப்புற இயந்திரமும் விசை குன்றின. எரிபொருளிலிருந்த நீர் நெடும்பயணக் குளிரில் உறைந்து, எரிபொருட் குழாயிற் படிந்திருந்த பனிக்கட்டி பெயர்ந்து சென்று எரிபொருளைச் சூடாக்கும் உறுப்பின் வாயை அடைத்ததே காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. துணை விமானி ஜோன் கவார்ட் விமானத்தை ஓட்ட, தலைமை விமானி பீற்றர் பேர்க்கில் அவர் கையிலிருந்து அதனைப் பறிக்காது, நிலைமையை ஆராய்ந்து மடல்களை 30 பாகையிலிருந்து 25 பாகைக்கு உயர்த்தினார். காற்றின் தடை சிறிது குறைந்தது. விமானம் மேலும் ஏறத்தாழ 50 மீற்றர் முன்னே சென்றது. ஓடுபாதையை எட்டாவிடினும், வழியிலிருந்த வழிகாட்டும் கருவிகளைக் கடந்து, விமான நிலைய எல்லைக்குள் உள்ள புற்றரையில் வீழ்ந்தது. அதிலிருந்த 152 பேருள் ஒருவரேனும் உயிரிழக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குட்பட்ட அக்காலத்திலும் ஓட்டுபவர் ஓட்டினார், எண்ணுபவர் எண்ணினார். தொழிற் பிரிவினையின் பயன் இதுவே.

இதற்கு மாறாக நிகழ்ந்ததொன்றையும் அறிதல் வேண்டும். 1989ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் மாலை ஹீத்ரோவிலிருந்து பெல்பாஸ்ற் நகருக்குப் புறப்பட்ட போயிங் 737-400 விமானம் ஒன்று, 28,000 அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தபோது இடப்புற இயந்திரத்தின் முன்விசிறித் தகடு ஒன்று முறிந்தது. விமானம் நடுங்கியது, புகை மணம் பரவியது. எந்த இயந்திரம் என்று தலைமை விமானி வினவினார். துணை விமானி ‘இட’ எனத் தொடங்கிப் பின் ‘வலது’ என முடித்தார். விமானத்துட் காற்று வரும் வழியைப் பற்றித் தாம் அறிந்திருந்ததைக் கொண்டு, தலைமை விமானியும் பழுது வலப்புறத்ததே எனக் கருதினார். வலப்புற இயந்திரத்தின் விசை குறைக்கப்பட்டது. அதே வேளையில் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் பொறி விலக்கப்பட்டமையால் இடப்புற இயந்திரத்துக்குச் சென்ற எரிபொருளும் குறைந்து, அதன் குமுறல் தணிந்தது. நடுக்கம் அடங்கியதைக் கண்ட இருவரும் தம் முடிவு சரியே என நம்பினர். நல்ல இயந்திரம் நிறுத்தப்பட்டது.

பின்னர் ஏறத்தாழ இருபது நிமிடம் விமானம் கிழக்கு மிட்லண்ட்ஸ் நிலையத்தை நோக்கி இறங்கி வந்தது. இறங்குமுகத்தில் அதிக விசை தேவையில்லையாதலின், சிதைந்த இயந்திரம் தன் குறையை வெளிப்படுத்தவில்லை. இடப்புற அதிர்வுக் கருவி சில நிமிடங்கள் உச்ச அளவைக் காட்டியும், சிறிய அக்கருவி அவர்கள் கருத்தைக் கவரவில்லை. நடந்தவற்றை மீள நோக்கத் தலைமை விமானி ஒருமுறை முற்பட்டார். வானொலிச் செய்தி குறுக்கிட்டது. அவ்வாராய்ச்சி மீளவும் தொடரவில்லை. வலப்புற இயந்திரம் பழுதுற்றது என அவர் அறிவித்தபோது, பின்னே அமர்ந்திருந்தோருட் சிலர் இடப்புறத்திலே தீப்பொறி பறந்ததைக் கண்டிருந்தனர். அறிந்தவர் அவரே, நாம் சொல்வதற்கு யாதுளது என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அச்செய்தி விமானிகளை எட்டவில்லை. ஓடுபாதைக்கு 2.4 கடல் மைல் இருக்கையில், 900 அடி உயரத்தில், விசை கூட்டப்பட்ட இடப்புற இயந்திரம் நின்றது. மற்றையதை உயிர்ப்பிக்க நேரமில்லை. கெக்வர்த் என்னும் ஊரருகே நெடுஞ்சாலைக் கரையில் மோதிய அவ்விமானத்திலிருந்த 126 பேருள் 47 பேர் மாண்டனர்.

இந்நிகழ்ச்சியின் பொருளைத் தெளிவாகக் காட்டுவது அதன்பின் நேர்ந்ததாகும். அதே ஆண்டு சூன் மாதத்தில், அதே வகை விமானங்கள் இரண்டில், அதே வகைத் தகடு முறிந்தது. இரண்டும் நலமே தரையிறங்கின. இயந்திரக் குறை மூன்றிடத்தும் ஒன்றே; முடிவுகளோ வேறு. எனவே கெக்வர்த்தில் உயிர்களைக் கொண்டது தகட்டின் முறிவு மட்டுமன்று. சில செக்கன்களில் எடுத்த முடிவும், அதனைப் பின்னர் ஐயுறாமையும் அதற்குத் துணை நின்றன. அவ்விருவரையும் பழித்தல் எளிது. பழித்தலோடு நிறுத்தினால் நாம் கற்பது யாதுமில்லை. அனுபவமிக்கவரும் இடர்வேளையில் தாம் முதலில் எண்ணியதற்கு ஒத்தவற்றையே காண்பர் என்பது மனித இயல்பு. அவ்வியல்பை அறிந்தே முறை அமைதல் வேண்டும்.

அத்தகைய முறைக்கு வித்திட்டது அதற்கும் முந்திய ஒரு விபத்து. 1978ஆம் ஆண்டு திசெம்பர் 28ஆம் நாள், அமெரிக்காவின் போட்லண்ட் நகரில் இறங்கவிருந்த டீ.சீ. 8 விமானத்தின் சக்கரத் தொகுதியில் ஐயம் எழுந்தது. தலைமை விமானி அதனையே ஆராய்ந்து ஒரு மணித்தியாலமளவு வானில் வட்டமிட்டார். எரிபொருள் தீர்ந்து, நான்கு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 189 பேருள் பதின்மர் இறந்தனர். உடனிருந்த இருவரும் எரிபொருள் குறைவதை அறிந்திருந்தும், தலைவரின் கருத்தைத் திருப்புமளவு வலியுறுத்திக் கூறவில்லை. இதன்பின், 1979இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா கூட்டிய ஆய்வரங்கிலும், 1981 முதல் யுனைற்றெட் விமான நிறுவனம் நடத்திய பயிற்சியிலும் புதியதொரு பாடம் உருவாயிற்று. தலைவர் வினவவேண்டும், இளையவர் தயங்காது உரைக்கவேண்டும், ஐயம் தீரும்வரை இருவரும் அமையலாகாது என்பதே அப்பாடம். கெக்வர்த் விபத்தின் பின்னர், விமானப் பணியாளரும் தாம் கண்டதை விமானிகளுக்கு அறிவிக்கப் பயிற்றப்படுவது வலுப்பெற்றது. இன்று உலகெங்கும் பயணிகள் விமானிகள் இப்பயிற்சியைப் பெறுகின்றனர். பறத்தலை அவ்வாறே போன்று காட்டும் தரைப் பயிற்சிப் பொறியில் அமர்ந்து, இயந்திரம் நிற்றலையும் தீப்பற்றுதலையும் காலந்தோறும் எதிர்கொண்டு பழகுகின்றனர்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முதியோர் வாக்கு. பதறாதே என்று வாயினாற் கூறுவதால் எவரும் பதறாதிருப்பதில்லை. பதற்றம் எழும் என்பதை முன்னறிந்து, அவ்வேளையிற் கை எங்கே நிற்கவேண்டும், கண் எதனைக் காணவேண்டும், எவர் சொல்லுக்குக் காத்திருக்கவேண்டும் என்பவற்றை அமைதியான நாளிலே பழகி வைத்தவரே பதறாதிருக்க வல்லவர். விமானிகளின் முறை நமக்குக் காட்டும் உண்மை இதுவாகும். அவ்வறையிலே பிடியின்மேல் வைத்த கை ஒரு கணம் அசையாது நின்று, அருகிருப்பவரின் ‘ஆம்’ என்னும் சொல்லை எதிர்நோக்குகின்றது. பின்னே அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானோரின் உயிர் அந்த ஒரு கணத்தின் பொறுமையைச் சார்ந்துள்ளது.